பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை மாற்றப் போகிறீர்களா? டார்ச்சை எடுங்கள்

போன மாதம் ஒரு தம்பி ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோடு வந்தான். "அண்ணே, இந்த லென்ஸ்ல எல்லாமே சோப்புத் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி வருது. மாத்திடலாமா?" புது லென்ஸுக்கு ஏற்கெனவே மனசைக் கொடுத்துவிட்டான், என்னிடம் கேட்டது ஆசீர்வாதம் மட்டும்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நானும் இதே முகத்தோடு திரிந்தவன் என்பதால் எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது.

முன் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையம் சுற்றுகிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவீர்கள். லென்ஸை மாற்றும் முன் நாம் செய்யும் மற்ற தவறுகளுக்கு வருகிறேன்.

கேமராவின் குற்றத்தை லென்ஸ் தலையில் கட்டுவது

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்க்கும் ஜன்னல் (ஃபைண்டர்) வேறு, படம் விழும் வழி வேறு. லென்ஸின் பின்பக்க விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளுகிறது. அதைப் பொறுத்து ஃபைண்டரில் தெரியும் இரட்டை உருவம் நகர்ந்து ஒன்றாகச் சேர்கிறது. லென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் அந்த உருளைக்குத் தெரியும். படம் எங்கே கூர்மையாக விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. உருளை இம்மியளவு விலகினாலும் போச்சு: ஃபைண்டரில் கண் மேல் கச்சிதமாகச் சேரும், படத்தில் காது கூர்மையாக இருக்கும்.

50 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது) திறந்து வைத்து 1 மீட்டரில் எடுத்தால், கூர்மையாக வரும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்தே சுமார் 5 செ.மீ.தான். தவறுக்கு அங்கே இடமே இல்லை.

என்னிடம் இருந்தது 1950களில் செய்த ஒரு 50 எஃப்/2. முகங்களை எடுத்தால் கண் குழையும், காது மின்னும். "வயசாகிடுச்சு" என்று முடிவு கட்டி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். கையில் இருந்த சேமிப்பையும் சேர்த்துப் புது லென்ஸ் வாங்கினேன். முதல் ரோலைக் கழுவி வாங்கிப் பார்த்தேன். கண் குழைந்திருந்தது, காது மின்னியது. அதே காது!

கோளாறு கேமராவில். மெக்கானிக் கழற்றி, சரிபார்த்து, ஒரே உட்காரலில் முடித்துக் கொடுத்தார். அதற்குள் என் பழைய லென்ஸை வாங்கியவர் அதில் எடுத்த ஒரு பாட்டியின் படத்தைக் காட்டி நன்றி வேறு சொன்னார். இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். இன்றைக்கும் அந்தப் படம் நினைவுக்கு வந்தால் வயிறு எரிகிறது.

இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, 1 மீட்டர் தள்ளி ஒரு ஸ்கேலைச் சாய்வாக வையுங்கள். நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கண்ணின் தடுமாற்றம் எது, கருவியின் தடுமாற்றம் எது என்று தெரியாது. ஐந்தும் ஐந்து இடத்தில் விழுந்தால் கோளாறு உங்களிடம். ஐந்தும் ஒரே பக்கம் தள்ளி விழுந்தால், இன்னொரு லென்ஸை இரவல் வாங்கியாவது மாட்டிப் பாருங்கள். அதுவும் அதே பக்கம் தள்ளினால் பெரும்பாலும் கேமரா. பழையது மட்டும் தள்ளினால் லென்ஸ். அப்புறம் தொலைவில் இருக்கும் ஒரு கோபுரத்தையோ கம்பத்தையோ பார்த்து, முடிவிலியில் (லென்ஸ் வளையத்தில் ∞ குறி) இரண்டு உருவமும் சேர்கிறதா என்றும் பாருங்கள். டிஜிட்டல் கேமராவில் லைவ் வியூ (லென்ஸ் காண்பதைத் திரையில் காட்டும் வசதி) இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

இதைச் செய்யாமல் லென்ஸ் விற்கிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது.

டார்ச் அடிக்காமல் தீர்ப்பு எழுதுவது

லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக டார்ச் அடியுங்கள். ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு படலம் தெரிகிறதா? உள்ளே போட்ட மசகு எண்ணெய் வருடக்கணக்கில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்ததாக இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது, ஆனால் படத்தின் கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை, அப்படியே தின்றுவிடும். பெரும்பாலும் பிரித்துத் துடைத்தால் போய்விடும். ரொம்ப நாள் விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். வேர் விட்டது போல இழை தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகள் விலகுகின்றன. அதற்குச் செலவழிப்பதற்குப் பதில் வேறு லென்ஸே பார்க்கலாம். 50களின் சில லென்ஸ்களில் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங் மிக மென்மை. சட்டை நுனியால் துடைக்காதீர்கள்.

ஹூட் இல்லாமல் வெயிலுக்கு எதிரே சோதிப்பது

லென்ஸ் முன்னால் மாட்டும் நிழல் மறைப்புதான் ஹூட். அதைப் போடுங்கள்.

திரையில் 100 சதவீதம் பெரிதாக்கி மனசு உடைவது

பிரின்ட் போட்டுப் பார்த்துவிட்டு உடையலாம்.

சோனார் வகையைப் புரியாமல் திட்டுவது

சோனார் என்பது 1930களில் லுட்விக் பெர்டெலே வடிவமைத்த ஒரு லென்ஸ் வகை. அதில், அபெர்ச்சரை மூட மூட ஃபோகஸ் பின்னால் நகரும். எஃப்/1.5-க்குச் சரிசெய்த லென்ஸ் எஃப்/2.8-இல் சற்றுத் தள்ளும். அது பழுதில்லை, சுபாவம். பிடிக்காவிட்டால் விற்றுவிடுங்கள், ஆனால் பழுது என்று சொல்லி விற்காதீர்கள்.

புதியது என்ன தரும் என்று எழுதிப் பார்க்காதது

லைகாவின் 50 எஃப்/2 சம்மிக்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் வந்த கண்ணாடி அமைப்புதான் 1994-இல் உள்ளிழுக்கும் ஹூடோடு வந்ததிலும் இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறினால் உங்களுக்குக் கிடைப்பது பெரிதும் வெளிக்கூடுதான். ஆனால் 50களின் லென்ஸிலிருந்து மாறுகிறவருக்கு நியாயமான காரணங்கள் உண்டு: பழையது பெரும்பாலும் 1 மீட்டரை விடக் கிட்ட ஃபோகஸ் ஆகாது, புதியது 0.7 மீட்டர் வரை நெருங்கும்; முழுக்கத் திறந்தாலும் மூலைகள் தெளியும். எஃப்/1.4-க்குத் தாவினால் லென்ஸ் பெருத்து ஃபைண்டரின் மூலையை மறைக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தம்பி கதை. டார்ச் அடித்தோம், பால் ஊற்றியது போல இருந்தது. சுத்தம் செய்யக் கொடுத்தான். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தைக் காட்டினான், கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "அப்ப புதுசு வேண்டாம்ல?" என்றேன்.

"இல்லண்ணே, பாப்பா கிட்ட வந்துக்கிட்டே இருக்கா. 1 மீட்டர் பத்தல."

வாங்கிக்கோ என்றேன்.