சர்க்யூட் போர்டைக் கழுவுதல், உலர்த்துதல், சுடுதல்

முதலில் ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்டுவதற்குப் பூசும் ரசாயனம்) எந்த வகை என்று பாருங்கள். நீரில் கரையும் ஃபிளக்ஸ் என்றால் சால்டரிங் முடிந்த அன்றே கழுவியாக வேண்டும். அதிலுள்ள அமிலம் செம்பை அரிக்கும். அயனி நீக்கிய நீரை 50–60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, புது நீரில் இருமுறை அலசுங்கள். குழாய் நீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு தங்கி மின்கசிவுக்கு வழிவிடும். கழுவத் தேவையில்லாத நோ-கிளீன் ஃபிளக்ஸை அரைகுறையாகக் கழுவுவதைவிடத் தொடாமல் விடுவதே மேல். பலரும் புலம்பும் அந்த வெள்ளைப் படலம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

பஸ்ஸர், மைக், சீல் இல்லாத ரிலே, பேட்டரி எல்லாவற்றையும் போர்டைக் கழுவிய பிறகே பொருத்துங்கள்.

உண்மையான தொல்லை ஐசி சிப்களின் அடியில் தேங்கும் நீர். எண்ணெய் கலக்காத அழுத்தக் காற்றைச் சாய்வாக ஊதி அதை வெளியேற்றிவிட்டு, ஓவனில் 80 டிகிரியில் 1–2 மணி நேரம் வையுங்கள். கனெக்டர் பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்த போர்டு முழுக்கக் காயாமல் ஓவனுக்குள் போகக் கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.

ஈரம் இழுத்த, பாகங்கள் பொருத்தாத வெற்று போர்டையோ சால்டரிங்குக்கு முன்பே சுட வேண்டும்: 105–120 டிகிரி, 4 முதல் 6 மணி நேரம். இல்லாவிட்டால் ரீஃப்ளோ (ஓவனில் சால்டரை உருக்கி ஒட்டும் முறை) சூட்டில் உள்ளே நீராவி பொங்கி அடுக்குகளைப் பிளந்துவிடும். ஓஎஸ்பி (செம்பைக் காக்கும் மெல்லிய கரிமப் படலம்) பூச்சுள்ள போர்டை மட்டும் இவ்வளவு சுடாதீர்கள், பூச்சு கெட்டு சால்டர் ஒட்டாது.