பாறை அடுக்கின் சாய்வை அளப்பது எப்படி?

திசைகாட்டியைக் கையாள அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். அதை எந்தப் பரப்பின் மேல் வைப்பது என்பதில்தான் தொடக்கநிலையினர் தடுமாறுகிறார்கள்.

தேவையானவை: சாய்வுக் கோணத்தை அளக்கும் சாய்வுமானி இணைந்த திசைகாட்டி (பிரண்டன் வகை நல்லது), கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு, பென்சில், ஒரு பாட்டில் தண்ணீர். கைப்பேசிச் செயலியும் உதவும். காந்தம் வைத்த உறையை மட்டும் கழற்றிவிடுங்கள்.

படி 1: நிலத்தோடு பிணைந்த பாறையைத் தேடுங்கள். உருண்டு வந்து கிடக்கும் கல் எவ்வளவு அழகான அடுக்குகளைக் காட்டினாலும் விட்டுவிடுங்கள்.

படி 2: அடுக்கின் பரப்பைக் கண்டுபிடியுங்கள். மணலின் பருமன், நிறம், சிப்பிகளின் வரிசை ஆகியவை மாறும் இடமே அடுக்கின் எல்லை. விரிசல்கள் பெரும்பாலும் அந்த எல்லைகளை வெட்டிக்கொண்டு போகும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், கிரிட்டேசியஸ் காலக் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம்) களிமண்ணுக்குள் ஜிப்சம் நரம்புகள் பளபளக்கின்றன. சில அடுக்குக்கு இணையாகவும், சில குறுக்காகவும் ஓடும். முதலில் கண்ணில் படுவதும் அவைதான். புதியவர்கள் ஆசையாக அளந்து ஏமாறுவதும் அவற்றைத்தான்.

படி 3: பரப்பின் மேல் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். அது வழிந்தோடும் திசையே சாய்வின் திசை. அதற்குச் செங்குத்தாகப் பரப்பிலேயே ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கிடைக்கோட்டைத்தான் ஸ்ட்ரைக் என்கிறார்கள். திசைகாட்டியின் விளிம்பைக் கோட்டோடு ஒட்டி, அதிலுள்ள காற்றுக்குமிழ் நடுவில் நிற்கும்படி மட்டமாகப் பிடித்து, அளவைப் படியுங்கள். பாறை கரடுமுரடாக இருந்தால் குறிப்பேட்டை அதன் மேல் படியவைத்து, அந்த அட்டையின் மேல் அளக்கலாம்.

படி 4: இப்போது சாய்வுமானியைத் தண்ணீர் ஓடிய தடத்தின் மேல் நிறுத்துங்கள். சற்றே விலகினாலும் கோணம் குறைந்துவிடும். 30 பாகை சாய்ந்த அடுக்கை, ஸ்ட்ரைக்கிலிருந்து 45 பாகை விலகிய கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 22 பாகைதான் கிடைக்கும். சாலை வெட்டிய பாறைச்சுவரில் தெரியும் சாய்வும் பெரும்பாலும் இப்படிக் குறைத்தே காட்டும்.

படி 5: 040/25 தெ.கி. என்று எழுதுங்கள்: ஸ்ட்ரைக் மூன்று இலக்கம், சாய்வு இரண்டு இலக்கம், கடைசியில் சாயும் பக்கம். பக்கத்தை எழுதாமல் வீடு திரும்பினால் அடுக்கு தென்கிழக்கே சாய்ந்ததா, வடமேற்கே சாய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 6: அடுக்குகள் வளைந்து மடிந்திருக்கும் மடிப்பை ஓரிடத்து அளவு காட்டாது. பல இடங்களில் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். இரு பக்க அடுக்குகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் கீழ்மடிப்பு; விலகிச் சாய்ந்தால் மேல்மடிப்பு. கீழ்மடிப்பு என்றவுடன் பள்ளத்தாக்கைத் தேட வேண்டாம். சேலத்துக் கஞ்சமலை ஒரு கீழ்மடிப்புதான். வடபுறப் பட்டைகள் தெற்கேயும், தென்புறப் பட்டைகள் வடக்கேயும் சாய்கின்றன. எளிதில் அரிபடாத மேக்னடைட் குவார்ட்சைட் (காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாதான மேக்னடைட் கலந்த கடினப் பாறை) அதை மலையாக நிறுத்தியிருக்கிறது.

அதே மேக்னடைட் திசைகாட்டியின் ஊசியை இழுத்துவிடும். அங்கே சாய்வுக் கோணத்தை மட்டும் சாய்வுமானியில் எடுங்கள். ஸ்ட்ரைக்குக்கு, அந்தக் கோட்டின் நேரே தெரியும் கோபுரத்தையோ மலைமுகட்டையோ வரைபடத்தில் கண்டுபிடித்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதன் திசையைக் கோணமானியால் அளந்துகொள்ளுங்கள்.