‘சண்டை’க்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? தமிழை வைத்தே தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் என் வீட்டு முன்னறையில் நடக்கும் டியூஷன் வகுப்பில், படிவம் 2 மாணவி ஒருத்தி, சாம்பாரில் உப்பு கூடிப்போனதால் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ‘பிரால்’ நடந்ததாகக் கட்டுரை எழுதியிருந்தாள். ‘குவாரல்’ என்ற சொல்லை அதே பத்தியில் இரண்டு முறை எழுதிவிட்டதால், கைப்பேசியில் அதற்கு இணையான சொற்களைத் தேடி, கண்ணில் முதலில் பட்டதை எடுத்து வைத்துவிட்டாள். பிரால் என்பது நாற்காலி பறந்து, சட்டை கிழிந்து, பலர் பார்க்க நடக்கும் அடிதடி. அவளுடைய அப்பாவோ சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குகிறவர்.

1852இல் வெளிவந்த ரோஜேயின் சொற்களஞ்சியம் முதல் இன்றைய செயலிகள் வரை, இத்தகைய பட்டியல்கள் உறவுள்ள சொற்களை ஓரிடத்தில் கூட்டி வைக்கின்றனவே தவிர, ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும் என்று உறுதி தருவதில்லை. பட்டியலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத் தமிழிலேயே செய்துவிடலாம்.

படி 1: நடந்ததற்குத் தமிழில் சரியான பெயர் வையுங்கள்

‘சண்டை’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். வாக்குவாதமா, தகராறா, தள்ளுமுள்ளா, கைகலப்பா, அமளியா, பங்காளிப் பகையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வேறுபாடு தமிழில் தெளிந்துவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தேடும் வேலை பாதி முடிந்தது. தோட்டத்து லயங்களில் வளர்ந்த பாட்டிமார் ‘குழாயடிச் சண்டை’ என்று சொல்லும்போது, எவ்வளவு சத்தம், எவ்வளவு வசவு, எவ்வளவு அற்பமான காரணம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது. அதில் வசவைத்தான் காட்ட வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் ‘ஸ்லாங்கிங் மேட்ச்’. காரணத்தின் அற்பத்தனத்தைக் காட்ட வேண்டும் என்றால் ‘ஸ்குவாபிள்’.

படி 2: வாயா, கையா என்று பாருங்கள்

வாயோடு நின்றால் ஆர்கியூமென்ட், குவாரல், ரௌ ஆகியவை பொருந்தும். ஆர்கியூமென்டில் கருத்து மோதுகிறது. குவாரலில் கோபம் மோதுகிறது. நல்ல காரணத்தோடு எடுத்து வைக்கும் வாதத்துக்கும் ஆர்கியூமென்ட் என்றே பெயர் என்பதால், கட்டுரையில் ஒருவர் ‘வலுவான ஆர்கியூமென்ட்’ வைத்தார் என்று படித்தால் அங்கே சண்டை நடந்ததாக எண்ண வேண்டாம். (ஆர்கியூ என்ற வினையின் கடைசி ‘ஈ’ எழுத்து, ஆர்கியூமென்டில் விழுந்துவிடும். என் வகுப்பில் மிக அதிகமாகத் திருத்தப்படும் எழுத்துப்பிழை இதுதான்.)

ரௌ என்பது பிரிட்டிஷ் வழக்கு. வீட்டுக்குள் கத்திக்கொள்ளும் கடுமையான சண்டையைக் குறிக்கும். வரிசையைக் குறிக்கும் சொல்லும் அதே எழுத்துகளில்தான் எழுதப்படும். அதை ‘ரோ’ என்று உச்சரிக்க வேண்டும். சண்டையை ‘ரோ’ என்று வாசித்தால், கேட்பவருக்குத் திரையரங்க இருக்கைதான் நினைவுக்கு வரும்.

கை ஓங்கிவிட்டால் ஸ்கஃபிள் அல்லது பிரால். ஸ்கஃபிளுக்கு நம் ‘தள்ளுமுள்ளு’ அச்சாகப் பொருந்தும்: சிறிது நேரம், குழப்பம், பெரிய காயம் இல்லை. வாய்க்கும் கைக்கும் நடுவே ‘ஆல்டர்கேஷன்’ நிற்கிறது. செய்தித்தாளும் காவல்துறை அறிக்கையும் விரும்பும் இச்சொல், சூடான வாக்குவாதத்தைக் குறிப்பது. கைகலப்பு நடந்திருந்தால் முன்னால் ‘ஃபிசிக்கல்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். தங்கையோடு ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டதை ஆல்டர்கேஷன் என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

படி 3: எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று எண்ணுங்கள்

தலைக்கணக்குக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 159ஆம் பிரிவுப்படி, இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் குலைத்தால் அது ‘அஃப்ரே’. ‘ரயட்’ எனப்படும் கலவரத்துக்கோ, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட சட்டவிரோதக் கூட்டம் வன்முறையில் இறங்கியிருக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, சில நிமிடங்களில் முடியும் சிறு சண்டை ‘ஸ்பாட்’ (spat). நண்பர்களுக்கும் காதலர்களுக்கும் இடையே லேசாக வந்துபோகும் பிணக்கு ‘டிஃப்’. தலைமுறை தாண்டியும் நீளக்கூடியது ‘ஃபியூட்’. நம் ஊர் வரலாற்றிலேயே இதைக் காணலாம். ஜார்ஜ் டவுனில் கீ ஹின், துவா பெக் கோங் ஆகிய ரகசியச் சங்கங்களுக்கு இடையே இருந்த பகை ஃபியூட். அது 1867இல் வெடித்துப் பத்து நாள் நகரை உலுக்கியது ரயட். ஒரே கதையில் இரண்டு சொற்களும் வரலாம், ஆனால் இடம் மாறி வரக்கூடாது.

‘டிஸ்பியூட்’டுக்குச் சத்தமே தேவையில்லை. பத்து பூத்தே தீவு பற்றி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இருந்த டிஸ்பியூட், நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் பேசி, 2008இல் அனைத்துலக நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கண்டது. யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை.

படி 4: சத்தத்தைத் தனியே பிரியுங்கள்

சௌராஸ்தா சந்தைக்குள் பாம்பு புகுந்தால் எழும் களேபரம் ‘கமோஷன்’. அங்கே யாரும் யாரோடும் சண்டையிடவில்லை. நாடாளுமன்ற அமளி ‘அப்ரோர்’. மேல்மாடிப் பிள்ளைகள் நாற்காலியை இழுக்கும் இரைச்சல் ‘ராக்கெட்’ (racket).

படி 5: ஒரு நிகழ்ச்சியை எடுத்து முழுவதும் எழுதிப் பாருங்கள்

எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் தம் இடத்தில் மற்றவர் காரை நிறுத்திவிட்டார் என்று பேச்சைத் தொடங்கினார். தூணில் எழுதியிருந்த எண்ணை இருவரும் மாறி மாறிக் காட்டினார்கள். அதுவரை ஆர்கியூமென்ட். ‘ஒங்கப்பன் வீட்டு இடமா?’ என்ற கேள்வி வந்ததும் ஸ்லாங்கிங் மேட்ச். கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம் வைத்திருந்தவரின் காலரை மற்றவர் பிடிக்க, பொட்டலம் விழுந்து பருப்புக்குழம்பு காரின் கதவில் வழிந்தது: ஸ்கஃபிள். ஐந்து மாடிகளிலும் கதவுகள் திறந்தன: கமோஷன். மறுவாரம் இரண்டு கடிதங்கள் கூட்டு நிர்வாகக் குழுவின் மேசைக்குப் போயின: டிஸ்பியூட். எழுதும்போது வினையும் சரியாக இருக்கட்டும்: ஒருவரோடு என்றால் குவாரல் ‘வித்’, ஒரு பொருளுக்காக என்றால் குவாரல் ‘ஓவர்’, டிஸ்பியூட்டை ‘செட்டில்’ செய்வார்கள்.

இன்று அந்த இருவரும் மின்தூக்கியில் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். தமிழில் இதையும் ‘அவருக்கும் இவருக்கும் சண்டை’ என்போம், அதாவது பேச்சில்லை. மேலே சொன்ன பெயர்ச்சொற்களில் எதுவும் இந்த மௌனத்துக்குப் பொருந்தாது. உறவு முறிந்த செயலை ‘ஃபால் அவுட்’ என்றும், பேசாமல் இருக்கும் நிலையை ‘நாட் ஆன் ஸ்பீக்கிங் டேர்ம்ஸ்’ என்றும் எழுத வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது என்பது என் அனுபவம்.

அந்த மாணவி பிராலை அடித்துவிட்டு ‘டிஃப்’ என்று திருத்திக் கொண்டுவந்தாள். நான் சரி என்று குறியிடப் போகும்போது தயங்கி நின்றாள். “டீச்சர், மூணு நாளா ரெண்டு பேரும் பேசிக்கல. என்னைத்தான் நடுவுல தூது அனுப்புறாங்க,” என்றாள். பேனாவை அவளிடமே கொடுத்தேன். அவள் டிஃபையும் அடித்துவிட்டு, ஐந்தாம் படியைத் திருப்பிப் பார்த்தாள்.