பிரசங்க பீடத்தில் ஏறப் பயப்படுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை எங்கள் சபையில் ஏழு பேருக்குப் பேசப் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் ரெண்டு பேராவது புதுசாக இருப்பார்கள். இந்த வருடம் ஒரு பையன் வெறுங்கையோடு மைக் முன்னால் வந்து நின்றதும், இருபது வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி வயிற்றைப் பிசைந்தது. மெதுவாகப் பேசு, சபையைப் பார்த்துப் பேசு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

மோசேயைப் பாதியில் மூடிவைப்பது

"மோசேயே திக்குவாய், நான் எம்மாத்திரம்" என்று நழுவுகிறவர்கள் யாத்திராகமம் 4-ஐப் பத்தாம் வசனத்தோடு மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே போங்கள். பார்வோனிடம் பேச வேறு யாரையாவது அனுப்பும் என்று மோசே கேட்டதும் கர்த்தருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் அவரை விடவில்லை, அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கிறார். ஆக, துணை கேட்கலாம், தப்பில்லை. எனக்கு ஆரோன் வீட்டுக்காரம்மாதான். முந்தின நாள் ராத்திரி அவர் சட்டி கழுவிக்கொண்டே முழுப் பேச்சையும் கேட்டாக வேண்டும்.

"ஆவியானவர் பார்த்துக்கொள்வார்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்ற மத்தேயு 10:19-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது விசுவாசத்துக்காகப் பிடித்துக் கொண்டுபோய் அதிபதிகள் முன்னால் நிறுத்தப்படுகிறவர்களுக்குச் சொன்னது, மூன்று வாரம் முன்னாலேயே தேதி சொல்லப்பட்ட நமக்கு இல்லை. கடைசி நாட்களில் கட்டுண்டு கிடந்த பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதும்போது புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்து வரச் சொல்கிறார். பாவு ஏற்றாமல் தறியை ஓட்டினால் துணி எங்கிருந்து வரும்?

இருபது வருடத்துக்கு முன்னால் எனக்குக் கொடுத்தது ஐந்தாம் வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்". ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளாமல் ஏறினேன், தாகத்தில் ஆரம்பித்துச் சமாரியப் பெண்ணின் கிணற்றுக்குப் போய், அங்கிருந்து பவானி ஆற்றுக்கு வந்து, எங்கே முடிப்பது என்று தெரியாமல் பதினைந்து நிமிடப் பேச்சை முப்பத்தைந்து நிமிடம் இழுத்தேன். மூன்று மணிக்கு முடிக்க வேண்டிய ஆராதனை. ஏழாம் வார்த்தைக்காக வாரக்கணக்கில் தயாரித்து, நோட்டில் முத்து முத்தாக எழுதி வந்திருந்த ஒரு பெரியவர் அஞ்சே நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. வெளியே வந்தால் ஒரு ஆத்தா, "நல்லாத்தான் பேசுன கண்ணு, என்ன சொன்னேன்னுதான் வெளங்குல" என்றார்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது: நான் தயாரிக்காமல் போனதற்குக் காரணம் விசுவாசம் இல்லை, பயம். உட்கார்ந்து எழுதினால் என் பேச்சின் லட்சணம் எனக்கே தெரிந்துவிடும், எழுதியும் சொதப்பினால் சொல்லிக்கொள்ளச் சாக்கும் இருக்காது. அதனால் ஆவியானவர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்த்தேன்.

பயம் போகட்டும் என்று காத்திருப்பது

போகாது. கொரிந்துவுக்குப் போன பவுலுக்கே மிகுந்த நடுக்கம் இருந்தது (1 கொரிந்தியர் 2:3).

"பேசத் தகுதியில்லாதவன்" என்று ஆரம்பிப்பது

இதைக் கேட்கவா இந்த வெயிலில் பஸ் ஏறி வந்தார்கள்?

கன்வென்ஷன் பிரசங்கியாரின் குரலில் பேசுவது

வேண்டாமுங்க. அல்லேலூயாவைப் பெரிய கூட்டங்களில் பேசுகிற அவரைப் போலவே இழுத்துவிட்டு, அடுத்த வரியில் "ஏனுங்க" என்று நம்ம ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும். சபை நிமிர்ந்து உட்கார்வதும் அப்போதுதான்.