முறிகண்டியில் இறங்கி ஏறினால் அது வன்னி பார்த்த கணக்கில்லை

இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கும் வன்னியைப் பார்த்துவிட்டோம் என்று சொல்பவர்களிடம் எங்கே இறங்கினீர்கள் என்று கேட்டால், பாதிப்பேர் முறிகண்டி என்பார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் (வேர்க்கடலை) வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போயிருப்பார்கள். அந்த வழியால் போகும் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள், நானும் நிற்பேன். ஆனால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இந்த ஏ9 வீதி வன்னியின் நடுவே ஓடும் ஒரு கோடு மட்டும்தான். ஊர்கள் அதற்குக் கிழக்கிலும் மேற்கிலும் கிடக்கின்றன. மாங்குளத்தில் கிழக்கே திரும்புங்கள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில், பக்கத்தில் முத்தையன்கட்டுக் குளம், கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் நினைவுக்கல். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்த மனிதன் அதே ஆண்டில் தோற்ற இடம் அது. அங்கே போய் நின்று பார்க்கிறவர்கள் மிகக் குறைவு, எனக்கு அது எப்போதும் மனக்குறைதான்.

வருகிறவர்கள் விடும் அடுத்த பிழை, எல்லாம் ஒரே வன்னிதானே என்று நினைப்பது. இல்லை. கிளிநொச்சி 1984வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது, இன்றைக்கும் தேர்தல் என்று வந்தால் அது யாழ்ப்பாணத்தோடுதான் சேரும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும்தான். ஆட்களும் அப்படித்தான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வவுனியாவின் தெற்கில் சிங்களக் கிராமங்கள். மன்னாரின் முசலிப் பக்கம் போனால், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள். இவர்களிடம் போய் "யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். நல்ல மனதோடுதான் கேட்பீர்கள், ஆனால் முள்ளியவளையில் தலைமுறை தலைமுறையாக வயல் செய்த ஒரு ஐயாவிடம் அப்படிக் கேட்டபோது அவர் முகம் சுருங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "உங்கட ஊர் எது?" என்று கேட்டாலே போதும்.

மன்னாருக்கு ரயிலில் போகிறவர்கள் வவுனியாவுக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். தலைமன்னார் பாதை மதவாச்சியிலேயே பிரிந்துவிடும், வவுனியாவுக்கு வராது. கிளிநொச்சிப் பக்கமிருந்து மன்னாருக்குப் போவதென்றால் திரும்பவும் வவுனியாவுக்கு இறங்கத் தேவையில்லை, பூநகரியிலிருந்து ஏ32 கடலோரமாக நேரே போகிறது.

மழைக்காலத்தை லேசாக எடுக்காதீர்கள். ஐப்பசியில் தொடங்கும் மழை மார்கழியில் குளங்களை வான் பாய வைக்கும், அந்த நேரத்தில் உள்ளூர்க் கிரவல் ரோட்டுகளை நம்பி வெளிக்கிடுவது வீண். மாசி பங்குனியில் காலபோக நெல் அறுவடை, அப்போது வாருங்கள். வைகாசி, ஆனி என்றால் வெயில் கொளுத்தும், ஆனால் பாலைப்பழம் கிடைக்கும், உதடெல்லாம் பால் ஒட்டும், அதற்காகவே வரலாம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலும் வைகாசியில்தான். கடல்நீரில் விளக்கெரிப்பதைப் பார்க்கச் சனம் குவியும். ஓகஸ்ட் 15 மன்னார் மடுமாதா தேவாலயத் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் வந்து காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். இந்த நாட்களில் தங்க இடம் பார்த்து வைக்காமல் வந்தால் சிரமப்படுவீர்கள்.

போரின் கடைசி நாட்கள் நடந்த முள்ளிவாய்க்காலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நந்திக்கடல் ஓரம் வடிவான இடம், அதனால் வந்தவுடன் கைபேசியைத் தூக்கிச் சிரித்தபடி படம் எடுக்கிறார்கள். 2009இல் அந்த மணலில் பிள்ளையைப் புதைத்த தாய் இன்றைக்கும் பக்கத்து ஊரில் இருக்கிறாள். போங்கள், அமைதியாக நில்லுங்கள். தேத்தண்ணி தந்த வீட்டில் "சண்டை நேரம் என்ன நடந்தது?" என்று நீங்களாக எடுக்காதீர்கள், சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள், அப்போது இடையில் பேசாமல் கேளுங்கள்.

கடைசியாக, மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள், பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊராளைக் கேட்காமல் இறங்காதீர்கள். பொழுதுபட்ட பிறகு காட்டு ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுவதும் அப்படித்தான். யானை நிற்கும். சந்திக் கடையில் விசாரித்தால், இன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடச் சொல்வார்கள்.