பேராசிரியரின் ஆய்வுக்குள் நுழைவது எப்படி? சிங்கப்பூர் லிபரல் ஆர்ட்ஸ் மாணவர்களுக்கு

லிபரல் ஆர்ட்ஸ், அதாவது ஒரே துறையோடு நிற்காமல் பல துறைகளையும் தொட்டுப் படிக்கும் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு வகுப்பிலும் விடுதியிலும் சங்க நடவடிக்கைகளிலுமே ஓடிவிடுகிறது. பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் ஆய்வாளர்களும்கூட என்பது மூன்றாம் ஆண்டில்தான் உறைக்கிறது. அப்போது நேரம் இருக்காது. அந்த ஆய்வில் ஒரு சிறு பகுதியைக் கையில் வாங்கிச் செய்துபார்ப்பதுதான் இந்தப் படிப்பின் ஆகப் பெரிய பலன். கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும். அதிலும், தன்னால் இன்ன வேலையைச் செய்ய முடியும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்பவருக்கு.

முதலில் களம் எது என்று பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றதும் நினைவுக்கு வந்தது யேல்-என்யுஎஸ் (என்யுஎஸ் என்பது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்). 2011இல் நிறுவப்பட்டு, 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்து, 2025இல் கடைசி அணியை அனுப்பிவிட்டு மூடிய கல்லூரி அது. அதையும் பழைய யுனிவர்சிட்டி ஸ்காலர்ஸ் புரோகிராமையும் இணைத்து உருவான என்யுஎஸ் காலேஜ் 2022 முதல் இயங்குகிறது. இங்கே முதன்மைப் பாடத்தை வேறு புலத்தில் படித்துக்கொண்டே, பொதுப் பாடத்திட்டத்தைச் சிறு வகுப்புகளில் படிக்கலாம். டெம்புசு போன்ற தங்கிப் படிக்கும் கல்லூரிகளும் என்யுஎஸ் வளாகத்தின் யூடவுன் பகுதியில் உள்ளன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களின் ஆய்வுக்கென்றே யுரேகா திட்டம் இருக்கிறது. பெயர்கள் மாறினாலும் ஆய்வில் சேரும் வழி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நேரக் கணக்கைப் போடாமல் எந்தப் பேராசிரியரையும் அணுகாதீர்கள். என்யுஎஸ் முறையில் ஒரு யூனிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அளவு) என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. பேராசிரியரின் மேற்பார்வையில் செய்யும் ஆய்வையே பாடமாக, 4 யூனிட் ஆய்வுப் பாடமாக எடுத்தால் வாரம் 10 மணி, 13 வாரத்துக்கு 130 மணி. கேட்கும்போது குறைவாகத்தான் தெரியும். ஆனால் ஆறாம் வாரத்துக்குப் பிறகு வரும் விடுப்பு வாரம் இடைத்தேர்வுக்கும் கட்டுரைக்கும் போய்விடும். முதல் செமஸ்டரில் தீபாவளி பெரும்பாலும் எல்லாப் பாடங்களின் இறுதிக் கெடுவும் நெருங்கும் நேரத்தில்தான் வரும். இரண்டாம் செமஸ்டரில் ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழா அதே போல வந்து நிற்கும். மாணவர்களின் தமிழ்ப் பேரவையில் பொறுப்பு எடுத்திருந்தால், மேடை நிகழ்ச்சி இருக்கும் செமஸ்டரில் ஆய்வுப் பாடம் வேண்டாம். இரண்டில் ஒன்று கட்டாயம் அடிவாங்கும், பெரும்பாலும் அது ஆய்வாகத்தான் இருக்கும்.

எப்போது கேட்பது? அடுத்த செமஸ்டரில் சேர விரும்பினால், இந்தச் செமஸ்டரின் ஏழாம், எட்டாம் வாரத்தில். ஆய்வுப் பாடத்துக்கு மேற்பார்வையாளரின் ஒப்புதலும் துறையின் ஒப்புதலும் செமஸ்டர் தொடங்கும் முன்பே வேண்டும். தேர்வு வாரங்களில் எழுதினால், விடைத்தாள் திருத்துபவரின் அஞ்சல் பெட்டியில் உங்கள் கடிதம் அமுங்கிப்போகும். அவர் அடுத்த செமஸ்டரில் ஆய்வு விடுப்பில் வெளிநாடு போகிறாரா என்பதையும் துறைப் பக்கத்தில் முன்பே பார்த்துவிடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். துறைப் பக்கத்தில் ‘ஆய்வு ஆர்வங்கள்’ என்று இருக்கும் பட்டியல் பல ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். அதை நம்பி எழுதினால், அவர் எப்போதோ முடித்துவிட்ட வேலையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள். அவருடைய கடைசி இரண்டு கட்டுரைகளை நூலகத் தளத்தில் இறக்கி, முன்னுரையையும் முடிவுரையையும் முழுதாகப் படியுங்கள். ‘இனி ஆராய வேண்டியது’ என்று அவரே எழுதியிருக்கும் பத்தியைக் குறித்துவையுங்கள், உங்களுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது. கட்டுரையின் நன்றியுரையையும் விடாதீர்கள். கல்வி அமைச்சின் ஆய்வு நிதி பெற்ற திட்டமா, முன்பு மாணவ உதவியாளர்கள் வேலை செய்திருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

தங்கிப் படிக்கும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆசிரியர்கள் சிலர் அதே கட்டடத்தில் குடியிருப்பார்கள், உணவுக்கூடத்தில் இரவுச் சாப்பாட்டுக்கும் வருவார்கள். சாப்பாட்டுத் தட்டோடு போய், “உங்கள் கட்டுரையில் இந்த இடம் எனக்குப் புரியவில்லை” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். வேலை கேட்கும் இடம் அதுவல்ல, அதைக் கடிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்: நீங்கள் யார், எந்த ஆண்டு; அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த இடம் உங்களை நிறுத்தியது; உங்களால் செய்யக்கூடிய குறிப்பான வேலை; வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல். 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். எடுத்துக்காட்டாக, மூன்றாவது பகுதி இப்படி இருக்கலாம்: “1930களின் தமிழ் நாளிதழ்களை என்னால் சரளமாகப் படிக்க முடியும். உங்கள் கட்டுரை ஆங்கில இதழ்களை மட்டும் பயன்படுத்தியிருக்கிறது. அதே ஆண்டுகளின் தமிழ்ச் செய்திகளைத் தேடி, தேதி வாரியாக அட்டவணையிட்டு, ஆங்கிலச் சுருக்கத்தோடு தர முடியும்.” ‘உங்கள் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம்’ என்று மட்டும் எழுதும் கடிதத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் கையிலிருக்கும் பலத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சிங்கப்பூர் வரலாறு, குடிபெயர்வு, தொழிலாளர் வாழ்க்கை, நாடகம், சமயம் என்று எதை ஆராய்ந்தாலும் தமிழ் ஆதாரங்கள் உண்டு. அவற்றைப் படிக்கக்கூடிய ஆய்வாளர்கள் மிகக் குறைவு. 1887 முதல் 1890 வரை வந்த ‘சிங்கை நேசன்’, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பார்க்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் பேட்டிகளைப் பதிவு செய்துவருகிறது, அவற்றில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. அண்மைக் கால இதழ்களில் சிலவற்றை நூலகக் கணினிகளில் மட்டுமே திறக்க முடியும். அதற்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் மேற்கோள் பிரிவுக்குப் போக வேண்டும். என்யுஎஸ் பக்கத்திலுள்ள கெண்ட் ரிட்ஜில் ரயில் ஏறி, புவன விஸ்தாவில் கிழக்கு-மேற்குத் தடத்துக்கு மாறி, பூகிஸில் இறங்கலாம். அங்குள்ள நூல்களை இரவல் தர மாட்டார்கள். அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

பழைய தமிழ் அச்சில் தேடல் பெட்டியை நம்பக் கூடாது. அச்சுப் படத்தை எழுத்தாக மாற்றும் கணினி எழுத்துணரி பழைய எழுத்துருவில் தடுமாறும்: ணா, றா, னா ஆகியவை ஒற்றை வளைவாகவும், ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற கொம்போடும் இருக்கும். ஒரு சொல்லைத் தேடி ‘முடிவு இல்லை’ என்று வந்தால் செய்தியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சம்பவம் நடந்த தேதியிலிருந்து முன்னும் பின்னும் இரண்டு வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஆங்கில இதழ்களில் அதே ஆள் பிள்ளை, பிள்ளே, செட்டி, செட்டியார் என்று பல எழுத்துக்கூட்டலில் வருவார், அத்தனையையும் போட்டுத் தேட வேண்டும்.

தேதி இன்னொரு பொறி. பழைய நூல்களிலும் துண்டறிக்கைகளிலும் தமிழ் ஆண்டும் மாதமும் மட்டும் இருப்பதுண்டு: ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி. ‘சர்வசித்து ஆனி’ என்பது 1887 ஜூன்-ஜூலை. ஆனால் தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் மாறுவதால் ‘சர்வசித்து மாசி’ 1888ஆம் ஆண்டுக்குப் போய்விடும். அட்டவணையில் மூலத் தேதிக்கு ஒரு பத்தியும் ஆங்கிலத் தேதிக்கு ஒரு பத்தியும் வையுங்கள். பெயர்களுக்கும் அப்படியே: அச்சில் உள்ளபடி ஒன்று, நீங்கள் ஒருங்கிணைத்த வடிவம் ஒன்று. மூல வடிவத்தின் மேலேயே திருத்தினால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

தட்டச்சிலும் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறி போட்டும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்போடு ‘ள’ எழுத்தைச் சேர்த்தும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு. எக்செல் கோப்பில் வடிகட்டும்போது பாதிப் பதிவுகள் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றை யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் வசதி) சரிசெய்துவிடும். ‘ள’ எழுத்தால் வரும் பிழையை அது தொடாது, தேடி மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. வேலை தொடங்கும் முதல் நாளே எல்லாரும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்த ஒத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

பேட்டி எடுக்கும் திட்டம் என்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வரும்வரை ஒருவரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. எடுத்த பேட்டிக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்க முடியாது. அந்தப் பதிவை ஆய்வில் பயன்படுத்தவே முடியாமல் போகும். ஒப்புதல் கடிதத்தைத் தமிழிலும் தயாரியுங்கள். மூத்தவர்களிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகாமல் வாசித்துக் காட்டுங்கள்: “ஐயா, எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம், உங்க பேர் வெளிய வராது.” 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பேட்டி காண்பதாக இருந்தால் பெற்றோர் ஒப்புதலைப் பற்றி விண்ணப்பத்திலேயே கேள்வி வரும்.

தேக்கா உணவங்காடியில் பதிவு செய்யாதீர்கள். தட்டுச் சத்தத்தில் பாதிப் பேச்சு போய்விடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கூடமே நல்லது, மின்விசிறியைக் குறைத்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் கலந்த பேச்சென்றால் இன்னும் கூடும். கலந்தபடியே எழுதுங்கள். செந்தமிழாக்கிவிட்டால் அவர் சொன்னது அங்கே இருக்காது.

பணமா, யூனிட்டா, பெயரா என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். ஒரே மணி நேரத்துக்குச் சம்பளமும் யூனிட்டும் சேர்த்துக் கிடைக்காது. ஆய்வுக்கூட அறிவியலில் மாணவர் பெயர் இணையாசிரியராக வருவது சாதாரணம். மனிதவியலில் கட்டுரை பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் வரும், உங்களுக்கு நன்றியுரையில் இடம் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் கேட்டுவிடுவதே மரியாதை. தமிழ்நாட்டிலிருந்து மாணவர் அனுமதியில் வந்து, வேலை அனுமதி விலக்கு உள்ள பல்கலைக்கழகங்களில் முழுநேரம் படிப்பவர்கள் பாடக்காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். விடுமுறையில் அந்த வரம்பு இல்லை. அந்த 16 மணிக்குள் நீங்கள் செய்யும் மற்றப் பகுதிநேர வேலையும் அடங்கும்.

சேர்ந்த பிறகு வாரம் ஒரு முறை, அரைப் பக்கம்: என்ன பார்த்தேன், என்ன கிடைத்தது, எங்கே மாட்டிக்கொண்டேன். ஒன்றும் கிடைக்காத வாரத்திலும் அனுப்புங்கள். எந்தெந்த இதழ்களைப் பார்த்துக் காலி என்று தெரிந்தது என்பதும் அவருக்குத் தேவைப்படும் தகவல்தான். கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், இதழின் பெயர், பக்க எண் மூன்றும் இருக்கட்டும். 13ஆம் வாரம் முடிவதற்குள் அட்டவணை, படங்கள், தேடிய சொற்களின் பட்டியல் எல்லாவற்றையும் திட்டத்தின் பகிர்வுக் கோப்புறையில் ஏற்றிவிட்டு, உங்கள் மடிக்கணினியில் இருக்கும் பேட்டிப் பதிவுகளை ஒப்புதல் கடிதத்தில் சொன்னபடி அழித்துவிடுங்கள்.