4558 கழற்றிய இடத்தில் 5532 போடலாமா?

4558, 5532 இரண்டும் ஆப்-ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் சின்ன ஐசிகள். மைக் செட் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வருஷம் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, 4558-ஐ எடுத்துட்டு 5532 போட்டா சவுண்டு சுத்தமா இருக்கும்னாங்க. மூணும் மாத்திட்டேன். இப்ப கரகரங்குது."

ஐசி நல்ல ஐசிதான், கால்களும் பொருந்தும். பிளஸ் சப்ளை வரும் எட்டாம் காலுக்கும் கிரவுண்டுக்கும் மீட்டரை வைத்தேன். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5 சொச்சம்தான் காட்டியது.

அந்த போர்டில் 28 வோல்ட்டை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ஜெனர் டையோடும் போட்டு 12 ஆக்கியிருந்தார்கள். ரெசிஸ்டர் வழியே கிடைப்பது 16 மில்லிஆம்பியர். 4558 ஒன்று சுமார் 3.5 குடிக்கும், மூன்றுக்கு 10.5. மீதி ஜெனருக்கு. 5532 ஒன்றுக்கே 8 வேண்டும், மூன்றுக்கு 24. எங்கிருந்து வரும்? பிளஸ், மைனஸ் சப்ளை இரண்டு பக்கமும் அந்த 1 கிலோ ஓமுக்குப் பதில் 470 ஓம், 1 வாட் போட்டேன். கரகரப்பு நின்றது.

அதனால் ஐசி மாற்றும்போது நான் முதலில் பார்ப்பது சப்ளையை. எவ்வளவு வோல்ட் தாங்கும் என்பதும் அதில் அடக்கம். எம்சிபி6002-க்கும் எல்எம்358-க்கும் கால்கள் ஒன்றுதான். ஆனால் எம்சிபி6002 தாங்குவது 6 வோல்ட் வரைக்கும்தான். 12 வோல்ட் போர்டில் செருகினால் அத்தோடு சரி.

கால் விஷயத்தில் எட்டுக்கால் இரட்டை ஐசிகள் (உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப்) தொல்லை தராது. 4558, 358, டிஎல்072, 5532 எல்லாம் ஒரே வரிசை. ஒற்றை ஐசியில்தான் வம்பு. 741-க்கு ஆஃப்செட் பிரீசெட் (அவுட்புட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரத் திருகும் ரெசிஸ்டர்) 1, 5-ஆம் கால்களில், அதன் நடுக்கால் மைனஸுக்கு. ஓபி07-க்கு 1, 8-இல், நடுக்கால் பிளஸுக்கு. மாற்றுவதானால் பிரீசெட்டைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் ரிலே வழியாகத் துண்டிக்கும் லோ-கட் போர்டு ஒன்றில் 358 போய்விட்டது. கையில் இருந்தது டிஎல்072. டேட்டாஷீட்டில் எல்லாமே 358-ஐ விட மேல்: வேகம், அதாவது அவுட்புட் ஏறி இறங்கும் வேகம், 13 வோல்ட் பர் மைக்ரோசெகண்ட்; 358-க்கு அரை வோல்ட்கூட இல்லை. போட்டேன். ரிலே ஆஃப் ஆகவே இல்லை. 358-இன் அவுட்புட் கிட்டத்தட்ட கிரவுண்டு வரை இறங்கும். 072 ஒன்றரை வோல்ட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு 0.7 வோல்ட் போதுமே, எப்படி ஆஃப் ஆகும்? இன்புட்டிலும் அதே கதை: 358 கிரவுண்டு வரை படிக்கும். 072-இல் இன்புட் மைனஸ் சப்ளையை நெருங்கினால் அவுட்புட் தலைகீழாகப் புரண்டு மேலே ஏறிவிடும். சிங்கிள் சப்ளை போர்டில் (மைனஸ் சப்ளை இல்லாமல் பிளஸும் கிரவுண்டும் மட்டும்) 358 இருந்தால், அதை அங்கே வைத்தவர் காரணமாகத்தான் வைத்திருக்கிறார். 5532-உம் அங்கே ஆகாது. அதன் இரண்டு இன்புட்டுக்கும் நடுவில் உள்ளேயே டையோடுகள் எதிரெதிராக இருக்கின்றன, இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் கம்பேரேட்டர் வேலைக்கு லாயக்கில்லை.

அடுத்து, இன்புட்டில் தொங்கும் ரெசிஸ்டர். 5532-இன் பயாஸ் கரண்ட், அதாவது இன்புட் கால் வழியே ஓடும் சின்ன கரண்ட், சாதாரணமாக 200 நானோஆம்பியர். 1 மெகா ஓம் வழியாக அது ஓடினால் 0.2 வோல்ட் டிசி. கெயின் (பெருக்கம்) 10 இருந்து, டிசியைத் தடுக்கக் கப்பாசிட்டரும் இல்லையென்றால் அவுட்புட்டில் 2 வோல்ட் உட்கார்ந்திருக்கும். 072-க்கு அதே இடத்தில் சில பத்து மைக்ரோவோல்ட்தான். கிட்டார் பிக்கப் போன்ற இடங்களில் நான் 072-ஐ விட்டு நகர்வதில்லை.

வேகத்துக்கு ஒரு கணக்கு: உச்ச வோல்ட்டேஜ், அதிர்வெண், 6.28 மூன்றையும் பெருக்குங்கள். 10 வோல்ட், 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1.26 வோல்ட் பர் மைக்ரோசெகண்ட். 741-இன் 0.5 பத்தாது, 072 தாராளம். ஆனால் வேகமான ஐசி பழைய போர்டில் ஆசிலேட் ஆகலாம், அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அதிரலாம். நான்காம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவில் ஒரு 104 செராமிக் கப்பாசிட்டரை (0.1 மைக்ரோஃபாரட்) ஒட்டவைத்து சால்டர் பண்ணுங்கள். சிக்னலே இல்லாமல் ஐசி கொதித்தால் ஆசிலேஷனைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, புது ஐசியை போர்டின் சாக்கெட்டில் செருகுவதற்கு முன் சப்ளை வயரில் மில்லிஆம்பியர் பார்த்துவிடுவேன். 5532 என்று வாங்கியது வெறும் 3 குடித்தால், மேலே அச்சடித்திருப்பதை நான் நம்புவதில்லை.